மூன்றாம் வரிசைக் கண்ணாடி

ஜனவரி 18

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நான் நலம். சர்க்கரை போன தடவையைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. உன் முழங்கால் எப்படி? மகளும் மாப்பிள்ளையும் சுகமா? போனில் நான் பேசுவது பாதி உன் காதில் விழுவதில்லை, மீதி தப்பாக விழுகிறது. அதனால் வழக்கம்போல் கடிதம்.

இந்த மாதம் நான் வீட்டில் இருப்பதே குறைவு. உலகச் சாம்பியனோடு மோதப்போவது யார் என்று முடிவு செய்யும் செஸ் போட்டி எங்கள் ஊர் அரங்கில் நடக்கிறது. எட்டுப் பேர் ஆடுகிறார்கள். முதல் பாதி இப்போது, மறுபாதி மே மாதம். எனக்கு மூன்றாவது வரிசையில், நடைபாதையை ஒட்டிய இருக்கை. கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். இருமினால்கூடக் காவலாளி திரும்பிப் பார்க்கிறார். யாரும் யாரோடும் பேச முடியாத இடம் என்பதால் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

நான் பார்க்கப்போவது ஒருவனைத்தான். ரசிகர்கள் அவனைத் ‘தூங்குமூஞ்சி’ என்போம், அன்பாகத்தான். இமை எப்போதும் பாதி மூடியிருக்கும். ஒரு காயை நகர்த்துமுன் கையை அதன் மேல் அந்தரத்தில் நிறுத்திவிடுவான். தொடமாட்டான், தொட்டால் அந்தக் காயைத்தான் ஆடியாக வேண்டும். கை அப்படி நிற்கும்போது சில சமயம், வேண்டாம், அதை எடுக்காதே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவேன். பக்கத்து இருக்கைக்காரர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். நேற்று வெளியே வந்ததும் கேட்டார்: “ஆடுறது அவரா நீங்களா? உங்களுக்குத்தான் வேர்க்குது.”

உடம்பைப் பார்த்துக்கொள். மாடிப்படி ஏறாதே.

உன் அண்ணன்

*

பிப்ரவரி 6

அன்புள்ள தங்கைக்கு,

நான் நலம். நீ நலமா? உன் பதில் இன்னும் வரவில்லை. முழங்கால்தான் காரணமோ என்று நினைக்கிறேன்.

முதல் பாதி முடிந்தது. தூங்குமூஞ்சி முதலிடத்தில் இருக்கிறான். ‘நெட்டையர்’ என்று நாங்கள் சொல்லும் ஆட்டக்காரர் அரைப் புள்ளி பின்னால். கடைசி நாள் இவனும் நெட்டையரும் மோதினார்கள். இவன் ஜெயித்தான்.

மே மாத ஆட்டங்களுக்கு நான் போகப்போவதில்லை. அரங்கில் குளிர் அதிகம், உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சீட்டை டிரைவரிடமே கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். வேறு விசேஷம் இல்லை.

உன் அண்ணன்

*

பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் நலம். முழங்கால் மாடிப்படியைக் கண்டால் மட்டும் முறைத்துக்கொள்கிறது. உன் ஜனவரிக் கடிதத்துக்குப் பதில் எழுதத் தாமதித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அதைப் படித்துவிட்டு உன் மருமகள், “மாமா எதுக்கும்மா சத்தமே இல்லாத இடத்துல போய் இவ்வளவு டென்ஷன் ஆகறார்?” என்றாள். “அவர் வாழ்க்கையிலயே செய்யிற ஒரே துணிச்சலான காரியம் அதுதான், விடு” என்றேன்.

இப்போது இந்தக் கடிதம். குளிர் என்கிறாய். நான் பின்னித் தந்த ஸ்வெட்டர் பீரோவில் பிரிக்காமல் கிடக்கிறது. உன் ஆள் முதலிடத்தில் இருக்கிறான், நீ சீட்டை அடுத்தவருக்குக் கொடுக்கிறாய். அண்ணா, நான் வார்டில் நர்ஸாக எத்தனை வருஷம் இருந்தவள். ‘ஒண்ணுமில்ல சிஸ்டர்’ என்று சொல்கிறவரின் போர்வையைத்தான் முதலில் தூக்கிப் பார்ப்பேன்.

என்ன நடந்தது?

உன் தங்கை

*

மார்ச் 1

அன்புள்ள தங்கைக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் நலம் அறிய ஆவல்.

கடைசி ஆட்டத்துக்கு மறுநாள் காலை இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் போட்டியின் துணை நடுவர், நாற்பது வயதுப் பெண்மணி. இன்னொருவர் மடிக்கணினியோடு வந்த அலுவலர். டீ போடட்டுமா என்றேன். வேண்டாம் என்றார்கள். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, ஏதோ தப்பு என்று.

அரங்கில் எடுத்த படத்தை ஓட்டிக் காட்டினார்கள். மேடையில் தூங்குமூஞ்சியின் கை ஒரு காயின் மேல் நிற்கிறது. கீழே மூன்றாம் வரிசையில் ஒரு கிழவன் கண்ணாடியைக் கழற்றுகிறான். உடனே கை இறங்கி அந்தக் காயை எடுக்கிறது. அடுத்த துண்டிலும் அதுவே. ஒரே ஆட்டத்தில் நான்கு இடம். அந்தக் கிழவன் நான்தான் என்று தெரிய எனக்குச் சற்று நேரம் ஆனது. என் தலை பின்னால் அவ்வளவு வழுக்கை என்று எனக்குத் தெரியாது.

“நெட்டையரோட பயிற்சியாளர் புகார் குடுத்திருக்கார் ஐயா. நீங்க சைகை காட்டினதா சொல்றார்” என்றார் துணை நடுவர்.

“நானா? நான் எடை அளவு ஆய்வுக்கூடத்துல இருந்து ரிடையர் ஆனவனுங்க. தராசு, படிக்கல்லு, லிட்டர் அளவு இதெல்லாம் சரியா இருக்கான்னு பாக்கறது என் வேலை.”

“அதைக் கேக்கலை ஐயா. அவர் உங்களைப் பாத்தாரா?”

“தெரியாதுங்க.”

“தெரியாதுன்னா?”

“கண்ணாடியைக் கழட்டிட்டா எனக்கு மேடையே தெரியாதுங்க.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் சொன்னது முழு உண்மை. ஆனால் சொன்ன விதத்தில் எனக்கே அது பொய் போலக் கேட்டது. புகார் உண்மையானால் அவனைப் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்களாம். மாதக் கடைசியில் விசாரணை, நான் வர வேண்டும்.

உனக்கு மறைக்க விரும்பவில்லை. அவர்கள் போன பிறகு நாற்காலியில் அப்படியே இருந்தேன். பயம்தான். பயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. ஒரு கிராண்ட்மாஸ்டருக்கு என் யோசனை தேவைப்பட்டிருக்குமோ என்று ஒரு நினைப்பு. நினைத்தபோது முதுகு தானாக நிமிர்ந்தது. பிறகு வெட்கமாகிவிட்டது.

அவன் என்னைப் பார்த்தானா? உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை.

உன் அண்ணன்

*

மார்ச் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ இரண்டு வேளையாவது ஒழுங்காகச் சாப்பிடு. மாத்திரையை விட்டுவிடாதே, கவலை வந்தால் முதலில் மாத்திரையைத்தான் மறப்பாய்.

விசாரணைக்குப் போ. தெரிந்ததைச் சொல். தெரியாததைத் தெரியாது என்று சொல். நடுவில் உன் வழக்கப்படி, ‘ஒருவேளை என் தப்பாக இருக்கலாம்’ என்று ஒன்றைச் சேர்க்காதே. கேட்பவர்களுக்கு அது வாக்குமூலம் மாதிரி இருக்கும். கடையில் பால் பாக்கெட் கிழிந்திருந்தாலும் நீதான் மன்னிப்புக் கேட்கிறாய்.

முதுகு நிமிர்ந்ததற்கெல்லாம் வெட்கப்படாதே. நிமிர்ந்து எத்தனை வருஷம் ஆயிற்று.

உன் தங்கை

*

மார்ச் 29

அன்புள்ள தங்கைக்கு,

நான் நலம். உன் முழங்காலுக்குப் புது மருந்து பலன் தருகிறதா?

முடிந்தது. அவன்மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அரங்கின் பின்னால் ஓர் அறை. நீள மேஜை. தலைமை நடுவர், குழுத் தலைவராக ஒரு முன்னாள் வீராங்கனை, நெட்டையரின் பயிற்சியாளர். மேஜையின் கடைசியில் தூங்குமூஞ்சி. அவ்வளவு கிட்டத்தில் அவனை நான் பார்த்ததே இல்லை. நகம் கடிப்பான் போலிருக்கிறது.

முதல் துண்டைத் திரையில் நிறுத்தினார்கள். குதிரையின் மேல் கை நிற்கிறது, நான் கண்ணாடியைக் கழற்றுகிறேன்.

“இந்த எடத்துல என்ன நெனைச்சீங்க ஐயா?” தலைவர் கேட்டார்.

“குதிரையை எடுக்கக் கூடாதுன்னு நெனைச்சேங்க. ராஜா பக்கம் காலியாயிடும்னு.”

தலைமை நடுவர் கணினியில் அந்த நிலையைப் போட்டார். குதிரையை எடுத்ததுதான் அந்த இடத்தில் ஆகச் சிறந்தது என்று வந்தது. இரண்டாவது இடம்: சிப்பாயை வெட்டக் கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன். கணினி, கொடுத்தது அபாரம் என்றது. மூன்றாவதும் அப்படி. நான்காவது வந்தபோது நான் வாயைத் திறக்குமுன்பே பயிற்சியாளர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

தலைமை நடுவர் இன்னும் இரண்டு இடம் காட்டினார். கை ஒரு காயின் மேல் நிற்கிறது, நான் கண்ணாடியோடு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறேன், அவன் கையை இழுத்துக்கொண்டு வேறொன்றை ஆடுகிறான். “இங்க?” என்றார். “அதை எடுத்திருக்கலாமேன்னு இருந்துச்சுங்க” என்றேன். எடுத்திருந்தால் ஆட்டம் அங்கேயே போயிருக்கும் என்றது கணினி.

பயிற்சியாளர்தான் முதலில் சிரித்தார். “இவர் பேச்சைக் கேட்டிருந்தா அன்னிக்கு எங்க ஆளுதான் ஜெயிச்சிருப்பார். புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்.” எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் மட்டும் என் பக்கம் குனிந்து, “ரசிக்கறதுக்கு ஆட்டம் தெரியணும்னு அவசியமே இல்ல ஐயா” என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். பள்ளி நாளிலிருந்து செஸ் புத்தகம் படிக்கிறவன் நான். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

தூங்குமூஞ்சி சிரிக்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உன் அண்ணன்

*

ஏப்ரல் 8

அன்புள்ள தங்கைக்கு,

நலம். உன் பதில் வருமுன் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு காய்கறிக்கடைக்காரரின் தராசைச் சோதிக்க அனுப்பினார்கள். கிலோவுக்கு ஐம்பது கிராம் கூடக் காட்டியது. எங்கே வைத்தாலும், எத்தனை முறை வைத்தாலும் அதே ஐம்பது. மேலதிகாரி சொன்னார்: “ஒரு நாள் கூட, ஒரு நாள் கொறச்சலாக் காட்டற தராசுதான் குப்பை. இது ஒரே மாதிரி தப்பு பண்ணுது. அந்தத் தப்பு தெரிஞ்சவனுக்கு இது சரியான தராசுதான்.”

நேற்றுச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தபோது இது ஞாபகம் வந்தது. ஊசியைக் கீழே வைத்துவிட்டேன்.

நான்கு முறை கழற்றினேன், நான்கும் தப்பு. இரண்டு முறை கழற்றவில்லை, இரண்டும் தப்பு. சும்மா ஒரு முட்டாள் உட்கார்ந்திருந்தால் ஒன்றிரண்டாவது சரியாக வந்திருக்கும். நான் ஒரே மாதிரி தப்பு செய்திருக்கிறேன். ஜனவரி முழுக்க அதே இருக்கையில் இருந்திருக்கிறேன். நான் கழற்றினால் துணிந்து ஆடலாம், கழற்றாவிட்டால் கையை இழுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒருவன் கண்டுபிடித்திருந்தால்? குழு இதை யோசிக்கவே இல்லை. சிரித்துவிட்டார்கள், அத்தோடு விட்டுவிட்டார்கள்.

போகாதே என்று உடம்பு சொன்னது. ஆனாலும் இன்று காலை தலைமை நடுவரைப் போய்ப் பார்த்தேன். படியேறும்போது இரண்டு தடவை திரும்பினேன். தராசு விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, “ஐயா, நீங்க சைகை காட்டலை. அவர் எங்க பாத்தாலும் அது குத்தமில்ல. நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க. மே மாசம் வந்து ஆட்டத்தைப் பாருங்க” என்று கதவு வரை வந்து வழியனுப்பினார்.

போகாமல் இருந்தால் கடைசி வரை தெரியாமலே போகும். அவன் ஜெயிக்கிற ஒவ்வொரு ஆட்டத்திலும் இந்தச் சந்தேகம் இருக்கும். கண்ணாடியோடு போனால் நான் தராசு. கண்ணாடி இல்லாமல் போனால் அவனுக்கு என்னிடம் ஒன்றும் கிடைக்காது, ஆனால் அவன் பார்க்கிறானா என்று எனக்கும் தெரியாது. என்ன செய்ய?

உன் அண்ணன்

*

ஏப்ரல் 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

அனைவரும் நலம். விசாரணை முடிந்தது என்று நிம்மதியாக ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டு வைத்திருந்தேன். அதைக் கிழித்தாயிற்று. நிம்மதியாக இருக்க உனக்குப் பத்து நாள்கூட முடியவில்லை.

நீ சொல்வது சரியென்றுதான் எனக்கும் படுகிறது. அதனால்தான் எரிச்சல்.

கடைசி ஆட்டத்துக்கு நான் வருகிறேன். டிரைவரிடம் அன்றைக்கு மட்டும் அவர் இருக்கையைக் கேட்டு வாங்கு. மற்ற நாட்களில் நீ போகாதே, வீட்டில் கணினியில் பார். அன்று நீ உன் இடத்தில் கண்ணாடி இல்லாமல் உட்கார். கண்ணாடி என் கைப்பையில் இருக்கும். சத்தமில்லாத இடத்தில் என் காதால் யாருக்கும் நஷ்டமில்லை. கண் எனக்கு நன்றாகவே தெரியும்.

அவன் பார்க்கிறானா என்று நான் பார்க்கிறேன்.

உன் தங்கை

*

மே 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது. வந்ததும் மகள், “ஆட்டம் எப்படிம்மா இருந்துச்சு?” என்றாள். “அஞ்சு மணி நேரம் ரெண்டு பேர் உக்காந்திருந்தாங்க. மாமாவும் உக்காந்திருந்தார். நல்லாத்தான் இருந்துச்சு” என்றேன்.

உன் வீட்டுச் சமையலறை குழாய் சொட்டுகிறது, ஆளை வரச் சொல். இரண்டு தலையணை உறையைத் துவைத்து மாடியில் போட்டேன், எடுத்தாயா? கண்ணாடிக்குப் புது உறை வாங்கிக்கொள், பழையது கிழிந்துவிட்டது.

உன் ஆள் டிரா செய்ததில் எனக்கும் வருத்தம்தான். மே மாதத்தில் நெட்டையர் அரைப் புள்ளி முந்திவிட்டாராம்; இவன் ஜெயித்திருந்தால் இவன்தான் சாம்பியனோடு ஆடப்போகிறவன் என்று டிரைவர் வாசலில் சொன்னார். நெட்டையர் ஒன்றும் மோசமில்லை, பணிவாகத்தான் கைகொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது நீ ஏதோ கேட்டாய். இரைச்சலில் காது கேட்கவில்லை.

மாத்திரை.

உன் தங்கை

*

ஜூன் 9

அன்புள்ள தங்கைக்கு,

நான் நலம். குழாய் சரிசெய்தாயிற்று. தலையணை உறை எடுத்தேன். புதுக் கண்ணாடி உறையும் வாங்கினேன்.

கடைசி ஆட்டத்தைப் பற்றிப் பத்திரிகையில் முழுப் பக்கம் எழுதியிருக்கிறார்கள். நடு ஆட்டத்தில் தூங்குமூஞ்சி ராணியை வெட்டக் கொடுத்திருந்தால் வெற்றி நிச்சயமாம். ராணியின் மேல் அவன் கை வெகுநேரம் நின்றதாம்; பிறகு ஒரு சிப்பாயைத் தள்ளினானாம். ஜனவரியில் இதே மாதிரி இடங்களில் தயங்காதவன், அன்றைக்கு ஏன் தயங்கினான் என்று யாருக்கும் புரியவில்லையாம்.

அந்த நிலையைப் பலகையில் வைத்துப் பார்த்தேன். ராணியைக் கொடுப்பது பைத்தியக்காரத்தனம் என்றே எனக்கு இப்போதும் தோன்றுகிறது. கண்ணாடி முகத்தில் இருந்திருந்தால் கட்டாயம் கழற்றியிருப்பேன்.

பஸ்ஸில் கேட்டேன். வீட்டில் கேட்டேன். ரயில் நிலையத்தில் கேட்டேன். மூன்று இடத்திலும் உனக்குக் காது கேட்கவில்லை. இது கடிதம்.

அவன் என்னைப் பார்த்தானா?

உன் அண்ணன்

*

ஜூன் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். மூன்று வாரம் உன்னைக் காக்க வைத்துவிட்டேன்.

பார்த்தான்.

ராணியின் மேல் கை நின்றதும் தலையை நிமிர்த்தினான். பாதி மூடிய கண் எங்கே பார்க்கிறது என்று எனக்குத் தெரியும், வார்டில் அதுதானே என் வேலை. உன்னைத்தான் பார்த்தான். நீ மேடை இருக்கும் திசையைப் பார்த்து, போட்டோவுக்கு உட்கார்ந்தவன் மாதிரி லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாய். கையை இழுத்துக்கொண்டான். மறுபடி ராணிக்குப் போனான், மறுபடி உன் முகம். இந்தத் தடவை நீண்ட நேரம். உன் மூக்கின் மேல் கண்ணாடி இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தான் என்று நினைக்கிறேன். அவன் முகம் மாறியது. கோபமில்லை. பிடித்திருந்த கையை யாரோ விட்டுவிட்டால் ஒரு நோயாளியின் முகம் மாறுமே, அப்படி.

பிறகு அவன் உன் பக்கம் திரும்பவே இல்லை. சிப்பாயைத் தள்ளினான்.

எழுதினால், அவனைக் கவிழ்த்தது நான்தான் என்று நீ உட்கார்ந்து கணக்குப் போடுவாய் என்றுதான் எழுதவில்லை. போடாதே. அன்றைக்கு அந்த அரங்கில் நேர்மையாக ஒன்றைச் செய்தவன் நீ மட்டும்தான். உனக்கும் பயந்து பயந்துதான் வந்தது, எனக்குத் தெரியும்.

பதில் எழுது. சும்மா இருந்துவிடாதே.

உன் தங்கை

*

ஜூலை 21

அன்புள்ள தங்கைக்கு,

நான் நலம். நீ எழுதியிராவிட்டால் நன்றாக இருந்திருக்கும் என்று இரண்டு நாள் நினைத்தேன். பிறகு அப்படி நினைக்கவில்லை. உன் முழங்கால் தேவலையா?

கணக்குப் போடாதே என்றாய். போட்டேன். அரைப் புள்ளி என்னால் போனது. ஜனவரியில் அவனுக்கு வந்த புள்ளிகளில் எத்தனை என்னால் வந்தது என்று தெரியாததால் கணக்கு முடியவில்லை. விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. வீட்டிலும் அலுவலகத்திலும் என் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லை. கேட்கும்படி நானும் சொன்னதில்லை. உலகத்தில் ஒருவன் கேட்டிருக்கிறான். நான் தப்பாகத்தான் நினைப்பேன் என்பதில் பட்டத்தையே பணயம் வைக்கும் அளவுக்கு அவனுக்கு நம்பிக்கை இருந்திருக்கிறது. இதற்கு அழுவதா சிரிப்பதா என்று இன்னும் தெரியவில்லை.

நேற்று அவன் வேறொரு நாட்டில் ஆடினான். வீட்டில் கணினியில் பார்த்தேன். நடு ஆட்டத்தில் கை ராணியின் மேல் போய் நின்றது. வெட்டக் கொடுக்கப்போகிறான் என்று தெரிந்தது. வேண்டாம், வேண்டாம் என்றேன். வீட்டில் யாருமில்லை, வாய்விட்டே சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினேன்.

துடைத்து மறுபடி போட்டபோது ராணி பலகையில் இல்லை. எதிராளி தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இவன் குனிந்து பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் எதிராளி தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்து கைகொடுத்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் என் அன்பு.

உன் அண்ணன்